மேஸ்திரி பிடிப்பது எப்படி: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சொந்தக்காரர் ஒருவர் நம்பர் கொடுப்பார். மேஸ்திரி வருவார், மனையை ஒரு சுற்று சுற்றுவார், "நம்ம வீடு மாதிரி நெனச்சுப் பண்ணித் தரேன் சார்" என்பார், சதுர அடிக்கு ஒரு ரேட் சொல்வார். அடுத்த முகூர்த்தத்தில் பூஜை, கையோடு அட்வான்ஸ். தமிழ்நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் வீட்டு வேலையை ஒப்படைக்கிறார்கள். இவ்வளவிலும் அவர் முன்பு கட்டிய சுவரை ஒருவரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பேச்சு இனிப்பதற்கும் வேலை சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தன் சுவரில் மட்டம் வைத்துப் பார்க்க விடுகிறாரா, கேட்ட கணக்கை எழுதித் தருகிறாரா, எஞ்சினியர் சைட்டுக்கு வந்தால் முகம் மாறாமல் இருக்கிறாரா, இந்த மூன்றைப் பாருங்கள். இவை இருந்தால் ஆள் கறாராகப் பேசினாலும் பரவாயில்லை.

எந்த வகை கான்ட்ராக்ட்?

ஆள் தேடும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். தினக்கூலிக்கு ஆள் வைத்தால் வேலை நிதானமாக, சுத்தமாக வரும். ஆனால் தினமும் நீங்கள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் நாள் இழுக்கும். சின்ன ரிப்பேர், கூடுதலாக ஒரு அறை போன்றவற்றுக்கு இது போதும்.

லேபர் கான்ட்ராக்டில் சிமெண்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட் எல்லாம் நீங்கள் வாங்கித் தருவீர்கள்; ஆள்கூலி மட்டும் சதுர அடிக் கணக்கில் மேஸ்திரிக்கு. பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் வீணடிப்பும் உங்கள் தலையில்தான் விழும். உடைந்த செங்கலும் இறுகிப்போன கலவையும் அவர் காசு இல்லையே.

பொருளோடு சேர்ந்த முழு கான்ட்ராக்ட், வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வழியில்லாமல் அமைவது. இதில் கான்ட்ராக்டரின் லாபம், சேர்க்காமல் விட்ட பொருளில் இருந்தும் வரலாம். அதனால் ஒவ்வொரு பொருளின் பிராண்டும் அளவும் எழுத்தில் இல்லாமல் முழு கான்ட்ராக்டுக்குள் போகாதீர்கள்.

பழைய சைட்டுக்கு நேரில் போங்கள்

குறைந்தது இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, இப்போது வேலை நடக்கிற சைட். மற்றது, குடிபோய் இரண்டு மழைக்காலம் கடந்த வீடு. போட்டோவும் வீடியோவும் கணக்கில் வராது. எலிவேஷனும் பெயிண்டும்தான் போட்டோவில் தெரியும், தளத்தின் அடிப்பக்கம் தெரியாது.

நடக்கிற சைட்டில் முதலில் பில்லரின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு, நடுவே ஓட்டை ஓட்டையாக இருந்தால் அதுதான் தேன்கூடு. ஷட்டர் பலகையின் இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகிப் போனாலோ, உயரத்தில் இருந்து கான்கிரீட்டைக் கொட்டினாலோ, கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரை ஓட்டாவிட்டாலோ இப்படி வரும். தேன்கூடு எந்த சைட்டிலும் எப்போதாவது வரும், அதை வைத்து மட்டும் ஆளைத் தள்ளிவிட வேண்டாம். நல்ல மேஸ்திரி எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டிச் சரிசெய்வார். மற்றவர் மேலே ஒரு கை பூசி மறைப்பார். பில்லரில் மற்ற இடமெல்லாம் வெறும் கான்கிரீட்டாக இருக்க, அடியில் மட்டும் ஒரு அடி உயரத்துக்குப் புதுப்பூச்சு தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து அண்ணாந்து தளத்தின் அடிப்பக்கம். கம்பி ஓடும் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தால் கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கை வைக்கவில்லை என்று அர்த்தம். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25, பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, உப்பி, சில வருடங்களில் சீலிங் பெயர்ந்து விழும். கவர் பிளாக்குக்குப் பதிலாகச் செங்கல் துண்டோ ஜல்லியோ சொருகியிருந்தால் அந்த சைட்டில் வேறு எதையும் பார்க்கவே தேவையில்லை.

கட்டி ஒரு வாரம் ஆன செங்கல் சுவரில் இணைப்புக் கலவையைச் சாவி முனையால் கீறிப் பாருங்கள். லேசான கோடு மட்டும் விழுந்தால் சரி. மாவு மாதிரி உதிர்ந்தால் செங்கலை நனைக்காமல் கட்டியிருக்கிறார்கள், அல்லது சுவருக்குத் தண்ணீர் காட்டவில்லை, அதாவது கட்டிய பிறகு நனைத்து ஈரமாக வைக்கவில்லை. உலர்ந்த செங்கல் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. சிமெண்டைக் குறைத்துக் கலந்திருந்தாலும் இதே உதிர்தல்தான். 9 அங்குலச் சுவருக்கு 1:6, நாலரை அங்குலச் சுவருக்கு 1:4 என்பது வழக்கமான கலவை. செங்கலுக்கு இடையே 10 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கலவை இருக்க வேண்டும். ஒரு இடத்தில் விரல் தடிமன், இன்னொரு இடத்தில் கால் அங்குலம் என்று இருந்தால் கையில் நூல் பிடிக்கிற பழக்கமே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பூசிய சுவரில் 6 அடி அலுமினியப் பட்டையைச் சாய்த்து வையுங்கள். நடுவில் இரண்டு நாணயம் அடுக்கி நுழைந்தால் பூச்சில் வயிறு தள்ளியிருக்கிறது. கதவு நிலையை மூலைக்கு மூலை குறுக்காக டேப்பால் அளந்தால் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். அரை அங்குலம் வித்தியாசம் என்றால் அந்த வீட்டில் கதவு என்றைக்கும் உரசும்.

தளம் போட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கும் சைட் கிடைத்தால் ரொம்ப நல்லது. மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா, பில்லரில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறதா என்று பார்க்கலாம். பில்லரில் கான்கிரீட் போட்ட தேதியைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தால் அந்த ஆளுக்கு ஒரு மார்க் கூடுதலாகவே போடுங்கள்.

குடியிருக்கும் வீட்டில் மேல்மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள சீலிங், ஜன்னலின் கீழ் மூலைகள், பில்லரும் செங்கலும் சேரும் இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். சீலிங்கில் மஞ்சள் கறை இருந்தால் நீர்க்கசிவு. பில்லர் ஓரம் நேர்கோட்டில் வெடிப்பு ஓடினால் பூசும் முன் அங்கே கோழிவலை அடிக்கவில்லை. தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தால், அடியில் கலவை பிடிக்காத இடம் சத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டுக்காரரிடம் "நல்லா பண்ணாரா?" என்று கேட்காதீர்கள். கட்டி முடித்தவர் யாரும் தன் வீட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டார். கேட்க வேண்டியவை வேறு. கடைசிப் பணம் கொடுத்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா? எக்ஸ்ட்ரா என்று எவ்வளவு ஆயிற்று, எதற்கு? சனிக்கிழமை அவருடைய ஆட்கள் சம்பளம் வரவில்லை என்று உங்களிடம் வந்து நின்றதுண்டா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம், ரெண்டு மூணு தடவை" என்று பதில் வந்தால், அந்த மேஸ்திரி ஒரு சைட் அட்வான்ஸை வைத்து இன்னொரு சைட் சம்பளத்தை ஓட்டுகிறவர். உங்கள் பணமும் அப்படித்தான் போகும்.

நேரில் கேட்க வேண்டிய கேள்விகள்

இவற்றை மிரட்டுவது போலக் கேட்க வேண்டாம். டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேளுங்கள். பதில் வரும் விதமே போதும்.

"தளத்துக்கு ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணி விடுவீங்க?" எம்-20 என்ற ரக கான்கிரீட் என்றால் ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். "பத்து லிட்டர் பக்கெட்ல மூணு, மணல் நனஞ்சிருந்தா ரெண்டரை" என்கிறவர் அளந்து ஊற்றுகிறவர். "கலவையப் பாத்து விடுவோம்" என்பவர் சுமக்கவும் இழுக்கவும் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரை ஏற்றுவார். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. பலமும் குறையும், ஒழுகவும் ஒழுகும்.

"சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் மெயின் கம்பி மேலயா, கீழயா?" மேலே என்பதுதான் பதில். நீட்டிக்கொண்டு நிற்கும் தளத்தில் இழுவை மேல்பக்கம் வருவதால் கம்பியும் மேலே இருக்க வேண்டும். இதைத் தெரியாத மேஸ்திரி இன்று குறைவு. ஆனால் கான்கிரீட் போடும்போது ஆட்கள் அந்தக் கம்பியை மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். "அதுக்கு சேர் கம்பி வெச்சு, நடக்கப் பலகை போட்ருவோம்" என்று அவராகச் சொன்னால் அனுபவசாலிதான். சேர் கம்பி என்பது மேல் கம்பியை அடியில் இருந்து தாங்கும் வளைத்த கம்பி.

"முட்டு எத்தனை நாள்ல பிரிப்பீங்க?" ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் 4.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 அடி அகலம் வரையுள்ள தளத்துக்கு அடியில் தாங்கும் முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும்; அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக இறுகும் என்பதால் இன்னும் சில நாள் சேர்த்து விடுவது நல்லது. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டுக்கு நாள் வாடகை ஓடும், அடுத்த சைட் காத்திருக்கும். அவசரம் அங்கிருந்துதான் வருகிறது.

"தளம் போடுற அன்னிக்கு மிக்சர் நின்னுட்டா?" மாற்று மிக்சர் எங்கிருந்து வரும், இரண்டாவது வைப்ரேட்டர் ஊசி இருக்கிறதா, மழைக்குத் தார்ப்பாய் யார் கொண்டுவருவது என்று பதில் இருக்க வேண்டும். பாதித் தளத்தில் நின்று மறுநாள் தொடர்ந்தால் அந்தக் கோட்டில்தான் பிறகு ஒழுகும்.

கடைசியாக எஞ்சினியரின் கம்பி வரைபடத்தைக் கையில் கொடுத்து, ஒரு பீமைக் காட்டி, மேலே எத்தனை கம்பி, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று படிக்கச் சொல்லுங்கள். "டிராயிங் எல்லாம் எதுக்கு சார், இருபது வருஷமா கட்டறேன்" என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அவர் பேசும் அனுபவம் முழுக்க வேறு மண்ணில், வேறு வீட்டில் கிடைத்தது.

ரேட்டை ஒப்பிடும் விதம்

சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து இரண்டு பேரை ஒப்பிடவே முடியாது. எதையெல்லாம் சதுர அடியில் சேர்க்கிறார் என்பதில்தான் காசு ஒளிந்திருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள் (எண்கள் விளக்கத்துக்கு மட்டும், உங்கள் ஊர் ரேட் வேறாக இருக்கும்). 1,000 சதுர அடி வீடு. 120 சதுர அடி போர்டிகோ, படிக்கட்டுக்கு மேல் 100 சதுர அடி ஹெட்ரூம், 6,000 லிட்டர் சம்ப்.

முதல் ஆள் 2,100 ரூபாய் சொல்கிறார். போர்டிகோவுக்கும் ஹெட்ரூமுக்கும் முழு ரேட், சம்ப் லிட்டருக்கு 20 ரூபாய் தனி. வீடு 21,00,000, போர்டிகோ 2,52,000, ஹெட்ரூம் 2,10,000, சம்ப் 1,20,000. மொத்தம் 26,82,000.

இரண்டாவது ஆள் 2,300 சொல்கிறார். போர்டிகோவும் ஹெட்ரூமும் பாதிக் கணக்கு, சம்ப் உள்ளடக்கம். 23,00,000, 1,38,000, 1,15,000. மொத்தம் 25,53,000.

200 ரூபாய் அதிகம் சொன்னவர் 1,29,000 ரூபாய் மலிவு. இதே மாதிரி காம்பவுண்ட் சுவர் நீள அடிக்கு எவ்வளவு, அஸ்திவார ஆழம் எத்தனை அடி வரை ரேட்டில் அடக்கம், பேஸ்மென்ட் (தரைக்கு மேல் வீட்டை உயர்த்தும் பகுதி) 3 அடிக்கு மேல் போனால் என்ன, செப்டிக் டேங்க், லாஃப்ட், மேல்நிலைத் தொட்டி, தட்டோடு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அதே தாளை மூன்று பேரிடமும் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவரவர் கொட்டேஷனை அவரவர் பாணியில் வாங்கினால் ஒப்பிட முடியாது.

எல்லோரையும் விட ரொம்பக் குறைவாகச் சொல்கிறவரிடம் பொருள் கணக்கைக் கேளுங்கள். 1,000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 417 கன அடி கான்கிரீட். எம்-20 கலவைக்குத் தளத்துக்கு மட்டும் ஏறக்குறைய 95 மூட்டை சிமெண்ட் ஆகும், பீம் தனி. "எழுபது மூட்டையில முடிச்சிரலாம்" என்று யாராவது சொன்னால் அவர் மிச்சம் பிடிப்பது உங்கள் தலைக்கு மேலே இருக்கும் தளத்தில்.

கடைக் கமிஷன் என்று ஒன்று இருப்பதையும் மறக்க வேண்டாம். டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ், எலக்ட்ரிகல், பெயிண்ட் கடைகளில் ஆளைக் கூட்டி வருகிறவருக்குப் பங்கு போவது வழக்கம்தான். அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்லும் கடையில் வாங்கும் முன் வேறு இரண்டு கடையில் தனியாகப் போய் விலை கேளுங்கள். கம்பி வந்து இறங்கினால் ஒன்றை எடை போடுங்கள்: 12 மீட்டர் நீளமுள்ள 12 மில்லிமீட்டர் கம்பி 10.65 கிலோ இருக்க வேண்டும், 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். 10.1 கிலோவுக்கும் கீழே போனால் லோடைத் திருப்பி அனுப்பலாம்.

முதலில் சம்ப்பைக் கட்டச் சொல்லுங்கள்

வீட்டு வேலைக்கு எப்படியும் முதலில் தண்ணீர்த் தொட்டி வேண்டும். அதை மட்டும் தனி வேலையாக, தனிக் கூலி பேசிக் கொடுங்கள். தோண்டுவது, கம்பி கட்டுவது, கான்கிரீட், உள்பூச்சு எல்லாம் அதற்குள் வந்துவிடும். அவருடைய கைவேலை, ஆட்கள், சொன்ன நாளுக்கு வருகிறாரா என்பது எல்லாம் பத்துப் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். பூச்சு ஆறியதும் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் ஊற விட்டு, பிறகு மட்டத்தில் பென்சில் கோடு போட்டு மூடி வையுங்கள். 48 மணி நேரம் கழித்து மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் கசிவு. மூலையை மறுபடி பிரித்துச் சரிசெய்ய அவராக முன்வருகிறாரா, "புதுத் தொட்டி அப்படித்தான் குடிக்கும்" என்கிறாரா என்பது உங்களுக்குக் கிடைக்கும் பதில்.

எழுத்தும் பணமும்

முத்திரைத்தாளில் ஒப்பந்தம், இரு தரப்பு கையெழுத்து, இரண்டு சாட்சி, அவருடைய ஆதார் நகல். பிராண்ட், அளவு முறை, எத்தனை மாதத்தில் முடியும் என்பவை எல்லோரும் எழுதுவார்கள். விடுபட்டுப் பிறகு சண்டையாகும் இடங்கள் வேறு. தண்ணீர் காட்டுவது யார் பொறுப்பு? லேபர் கான்ட்ராக்டில் இது வீட்டுக்காரர் தலையில் வந்து விழும்; பேசிக்கொள்ளாவிட்டால் யாரும் ஊற்ற மாட்டார்கள். ஓ.பி.சி.க்கு 7 நாள், பி.பி.சி.க்கும் நம் ஊர் வெயிலுக்கும் 10 நாளாவது வேண்டும். தளத்துக்கு 14 நாள் நிறுத்துங்கள். பிளம்பர் பைப்புக்காகப் பீமை வெட்டக் கூடாது என்று ஒரு வரி. கூடுதல் வேலை எதுவானாலும் ரேட்டோடு முதலில் எழுதிக் கையெழுத்து, பிறகுதான் வேலை. சாரத்தில் இருந்து ஆள் விழுந்தால் யார் பொறுப்பு, கான்ட்ராக்டர் தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரா, ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

பணத்தில் ஒரே விதி: சின்ன முன்பணம் தவிர, கொடுத்த பணம் முடிந்த வேலையைத் தாண்டக் கூடாது. முழு கான்ட்ராக்டுக்கு ஒரு பங்கீடு இப்படி இருக்கலாம்: முன்பணம் 5 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்ததும் 15, லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) 15, தளம் 25, பூச்சு 15, டைல்ஸ் மற்றும் ஒயரிங், பைப் வேலைக்கு 12, பெயிண்ட் முடிந்து சாவி தரும்போது 8, பிடித்தம் 5. பிடித்தத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு கொடுப்பதாக எழுதுங்கள். டிசம்பர் முடியும்போது மாடியும் ஜன்னல் ஓரமும் உண்மையைச் சொல்லிவிடும்.

"பொருள் இறக்கணும், முன்னாடியே வேணும்" என்ற பேச்சு கட்டாயம் வரும், அதில் நியாயமும் உண்டு. அதற்காக மொத்தமாக முன்கூட்டிக் கொடுக்காமல் தவணையை உடையுங்கள். தளத்துக்கான 25-ல் சென்ட்ரிங்கும் கம்பியும் முடிந்து எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் 10, கான்கிரீட் போட்டதும் 15. வங்கி வழியாகவே அனுப்புங்கள். சனிக்கிழமைச் செலவுக்கு ரொக்கம் கொடுத்தால் நோட்டில் அன்றே கையெழுத்து.

எலக்ட்ரீஷியனும் பிளம்பரும்

மேஸ்திரியோடு வரும் ஆளையே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒயரிங் செய்கிறவர் அரசு உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்பவராக இருக்கட்டும். எர்த் கம்பி எல்லா பிளக் பாயின்டுக்கும் போகிறதா, மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுவாரா, ஏ.சி.க்குத் தனி லைன் இழுப்பாரா என்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். பிளம்பரிடம் இரண்டு நிபந்தனை: பைப்பைப் பூசி மூடும் முன் பிரஷர் டெஸ்ட், குளியலறைத் தரை டைல்ஸுக்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழே பார்ப்பது. "அதெல்லாம் தேவையில்ல" என்றால் வேறு ஆள்.

நடுவில் சரிவராவிட்டால்

பேஸ்மென்ட் மட்டத்துக்குள் ஆளை மாற்றினால் நஷ்டம் தாங்கும். தளம் போட்ட பிறகு மாற்றுவது கஷ்டம், வரும் புது மேஸ்திரி பழைய வேலைக்குப் பொறுப்பேற்க மாட்டார். ஆட்கள் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார்கள், எஞ்சினியர் சொன்ன திருத்தம் இரண்டாவது முறையும் நடக்கவில்லை என்றால் அப்போதே நிறுத்துங்கள். எஞ்சினியரை வைத்து முடிந்த வேலையை இருவர் முன்னிலையில் அளந்து, போட்டோ எடுத்து, கொடுத்தது, கொடுக்க வேண்டியது இரண்டையும் ஒரு தாளில் எழுதி "கணக்கு முடிந்தது" என்று கையெழுத்து வாங்கிய பிறகே புது ஆளை உள்ளே விடுங்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு போனை எடுக்காதவரையும் விட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் மனையில் தனி வீடு கட்டும் கான்ட்ராக்டருக்குப் பொருந்தாது. புகார் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே போடலாம், பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே கேட்கப்போவது ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், தேதியுள்ள போட்டோக்கள், எஞ்சினியரின் அறிக்கை. இந்த நான்கையும் பூஜை போட்ட நாளில் இருந்தே ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.